கிருஷ்ணவேணி கழட்டாத மெட்டி

எங்க கிளப்பைப் பத்தி இந்தக் காஞ்சிபுரத்துல யாரை வேணாலும் கேளுங்க. ஆரணியில கப் ஜெயிச்சதைச் சொல்லுவாங்க. அரக்கோணத்துல மெட்ராஸ்காரிங்களை அழ வுட்டதைச் சொல்லுவாங்க. அத்தோட நிறுத்தினா நல்லா இருக்கும், நிறுத்த மாட்டாங்க. பல்லைக் காட்டிக்கினு, "மெட்டியைக் கழட்ட மாட்டேன்னு அடம் புடிச்சி ஃபைனலைக் கோட்டை வுட்டாளே ஒருத்தி, அவ உங்க டீம்தானே?"ன்னு கேப்பாங்க. கேக்குற வாயில சூடு இழுக்கலாமான்னு வரும் எனக்கு. அவ பேரு கிருஷ்ணவேணி. ஓரிக்கைக்காரி. இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சிப் போச்சி, அதான் இன்னைக்கு முழுசா சொல்லிடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் அலமு. பிள்ளையார்பாளையத்துல தறிக்காரர் வூட்டுப் பொண்ணு. டீமுல கோலுக்கு முன்னால நின்னு தடுக்கற பேக் ஆடினவ. தறி மிதிச்சி மிதிச்சி காலு ரெண்டும் உலக்கை கணக்கா இருந்துது, என்னைத் தாண்டி பந்தை எடுத்துக்கினு போறது கஷ்டம். இதை நானே சொல்லிக்க வேண்டியதா இருக்குது, சொல்றதுக்கு வேற ஆளு கெடையாது.

எழுபத்திரண்டாம் வருஷம் கோடையில ஊர்ல ஒரு பொருட்காட்சி போட்டாங்க. ராட்டினம், மரணக் கிணறு மோட்டார் சைக்கிளு, மேஜிக்கு எல்லாம் சனங்களுக்குப் பழசாயிட்டுது. காண்ட்ராக்டருக்குப் புதுசா ஏதாச்சும் வேணும். அப்பதான் சின்னக் காஞ்சிபுரத்துல இருந்து சக்ரவர்த்தி சாரு போய் அவரு எதிர்ல நின்னாரு. சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. நெத்தி நெறைய நாமம், வாய் நெறைய ஃபுட்பாலு. அவரு ஆடி ஒருத்தரும் பார்த்ததில்ல. "பொண்கள் ஃபுட்பால் வையுங்கோ, டிக்கெட் பிச்சுண்டு போகும்"னு சொல்லிட்டாரு. சொல்லிட்டு வந்து பொண்ணுங்களைத் தேடி தெருத் தெருவா அலைஞ்சாரு. பட்டு நூல் சுத்துற கொட்டாயில சில பேரு கெடைச்சாங்க, ஸ்கூல்ல கோ-கோ ஆடினவங்க சில பேரு. கோல் கீப்பருக்கு அவரு தெருவுலயே மங்கைன்னு ஒருத்தி, பனை மரத்துல பாதி உசரம். தறி வூட்டுல நானு.

மொதல் ஆட்டத்துல மெட்ராஸ் காலேஜ் பொண்ணுங்க கிட்ட ஏழு கோல் வாங்கினோம். சனங்க ஆட்டத்தைப் பார்க்க எங்க வந்தாங்க, அரை டிராயர் போட்ட பொம்பளைங்களைப் பார்க்க வந்தாங்க. ஒருத்தன் என் மேல வேர்க்கடலையை எறிஞ்சான். நான் அதைப் பொறுக்கி, தொலிச்சி, வாயில போட்டுக்கினு அவனையே பார்த்துக்கினு நின்னேன். அவன் எழுந்து வேற பக்கம் போய் குந்திக்கினான். அதுக்குள்ள ஒரு கோல் வுழுந்துட்டுது.

ஆனா டிக்கெட்டு வித்துது. அதனால ஆரணி, வந்தவாசி, வேலூருன்னு எங்க பொருட்காட்சி, எங்க திருவிழா நடந்தாலும் எங்களைக் கூப்புட ஆரம்பிச்சாங்க. 'பாலாறு மகளிர் கால்பந்துக் கழகம்'னு சாரு போர்டு எழுதி மாட்டினாரு. ஆட்டத்துக்கு இவ்வளவுன்னு கையில காசு குடுத்துடுவாரு. அதைச் சொல்லித்தான் ஊர்ல, "கூலிக்கு பந்து ஆடுறவளுங்க"ன்னு பேசினாங்க. ஆமாங்க, கூலிக்குத்தான் ஆடினோம். கூலிக்கு நெசவு நெய்யலாம், கூலிக்கு நாத்து நடலாம், பந்து மட்டும் சொம்மா ஆடணுமா?

ஊருக்குள்ள ஆடினா வேடிக்கை பார்க்க கூட்டம் சேருதுன்னு, ஓரிக்கையாண்ட பாலாத்து மணல்ல போய் பழகினோம். காய்ஞ்சி கெடந்த ஆறு, கரையை ஒட்டி நெல்லு வயலு. நடவு நேரத்துல ஒரு நாளு நான் வுட்ட உதையில பந்து ஒரு கழனியில போய் வுழுந்துது. நட்டுக்கினு இருந்த பொம்பளைங்க எல்லாம் திட்டினாங்க. ஒருத்தி மட்டும் திட்டல. எங்க வயசுதான் இருக்கும். கையில நாத்துக் கட்டோட சேத்துல நடந்து வந்தா, பொடவையை முழங்காலுக்கு மேல சொருகிக்கினு இருந்தா, பந்தைக் கைய வெச்சித் தொடவே இல்ல. எடது காலால ஒரே உதை. பந்து எங்க எல்லார் தலைக்கும் மேல போயி, ஆத்து நடுவுல சாரு நிக்கற எடத்துல வுழுந்துது. சேறு ஒட்டின பந்து, இன்னா கனம் இருக்கும் பாருங்க. சாரு பந்தைப் பார்க்கல. அவளையே பார்த்துக்கினு நின்னாரு.

கல்யாணமானவ. வூட்டுக்காரரு ராமலிங்கம் லாரி டிரைவரு, பம்பாய் லைன்ல ஓட்டினாரு. போனா பத்து நாளு, வந்தா ரெண்டு நாளு. கொழந்தை இல்ல. மாமியாரு பொன்னியம்மாதான் வூட்டுக்கு எஜமானி. பெரிய கை, பெரிய தொண்டை, கழனியில நாலு ஆளு வேலையை ஒண்டியா செய்யுற பொம்பளை. சாரு என்னையும் இட்டுக்கினு அவங்க வூட்டுக்குப் போயி கேட்டாரு. பொன்னியம்மா எங்களைத் தொரத்துவாங்கன்னு நெனைச்சேன். தொரத்தல. மருமவளை ஒரு தரம் பார்த்தாங்க. அவ தலையைக் குனிஞ்சிக்கினு இருந்தா, ஆனா காலு சொம்மா இல்ல, கட்டை வெரலு தரையைத் தேச்சிக்கினே இருந்துது.

"போவட்டும்"ன்னாங்க பொன்னியம்மா. "ஆனா ஒன்னு. எதைப் போட்டாலும் போட்டுக்கோ, எங்க ஓடினாலும் ஓடு. கால் மெட்டியை மட்டும் கழட்டக் கூடாது. எம்புள்ள ரோட்டுல இருக்கிறவன்."

கட்டின பொம்பளை எவ மெட்டியைக் கழட்டுவா, புருஷன் செத்தாதான் கழட்டுறது. ஆனா பொன்னியம்மா அப்படிச் சொன்னதுக்கு வேற காரணம் இருந்துது. அவங்க சின்ன வயசுல நடவுல சேத்துப் புண்ணு வந்து கால் வெரல் வீங்கி, மெட்டியைக் கழட்டி அஞ்சறைப் பெட்டியில போட்டு வெச்சிருக்காங்க. அந்த வாரமே அவங்க வூட்டுக்காரரை வரப்புல பாம்பு கடிச்சிட்டுது. அந்த மெட்டியைத்தான், மூணு சுத்து கனத்த வெள்ளி மெட்டி, இவ கால்லயாச்சும் கழட்டாம கெடக்கட்டும்னு மருமவளுக்குப் போட்டு வுட்டிருந்தாங்க. கிருஷ்ணவேணி அவங்க கையில அடிச்சி சத்தியம் பண்ணிக் குடுத்தா.

ராமலிங்கம் இருக்கிறாரே, அவரு வேற மாதிரி ஆளு. கொஞ்சம் குடிப்பாரு, நெறைய பேசுவாரு. பொண்டாட்டி பந்து ஆடுறதை லாரி ஷெட் பூரா சொல்லி வெச்சிருந்தாரு. ஊர்ல இருந்தா ஆட்டத்துக்கு லோடு லாரியோட வந்து, டாப்புல ஏறிக் குந்திக்கினு ஆரன் அடிக்கச் சொல்லுவாரு கிளீனரை. மெட்டி பேச்சு வந்தப்ப ஒரு தரம், "கழட்டினா இன்னாம்மா, நான் செத்தா பூடுவேன்?"ன்னு சிரிச்சாரு. பொன்னியம்மா எழுந்து வந்து அவரு வாய் மேலயே ஒன்னு போட்டாங்க. அவ்வளவு பெரிய ஆம்பளை, பேசாம போய்ட்டாரு.

அப்ப நாங்க எல்லாம் வெறுங்கால்லதான் ஆடுவோம். நான் என் வூட்டுல இருந்து கழிச்சிப் போட்ட பட்டு நூலைக் கொண்டாருவேன், அதை மெட்டி மேல இறுக்கி சுத்தி வுடுவேன், அடுத்தவங்க மேல கீறாம இருக்கறதுக்கு. அரக்கு செவப்பு நூலு, மயில் கழுத்து நூலு, அன்னைக்கு எந்தப் பொடவை ஓடுதோ அந்தக் கலரு. "ஆயிரம் ரூபா பொடவையை வெரல்ல கட்டிக்கினு ஆடுறாளே"ன்னு மங்கை கேலி பண்ணுவா.

அவ வந்த அப்பறம்தான் நாங்க டீமு. அதுக்கு முன்னால வேடிக்கை. லெஃப்ட் கோட்டை ஒட்டியே ஓடுவா, தரையில ஓடுற வேகத்துல மணல்லயும் ஓடுவா. திரும்பற எடம் வந்தா எதிர்ல நிக்கறவளுக்கு அவ எந்தப் பக்கம் போவான்னே தெரியாது, எனக்கே தெரியாது. வேலூர்ல ஜெயிச்சோம். திருவண்ணாமலையில ஜெயிச்சோம். ஆரணியில கப். மொத நாளு எங்களுக்கு ஏழு கோல் போட்ட அதே காலேஜ் டீமை அரக்கோணத்துல நாலு கோல்ல தோக்கடிச்சோம், அதுல மூணு அவ போட்டது. வேடிக்கை பார்க்க வந்தவனுங்க ஆட்டம் பார்க்க ஆரம்பிச்சானுங்க. பட்டுக்கடை மொதலாளி ஒருத்தரு எங்களுக்கு ஜெர்சி தைச்சிக் குடுத்தாரு. கருடசேவை கூட்டத்துல யாரோ ஒருத்தரு அவளைக் கையைக் காட்டி தம் பொண்ணு கிட்ட, "தோ பாரு, பந்து ஆடுற கிருஷ்ணவேணி"ன்னு சொன்னதை நான் பக்கத்துல இருந்து கேட்டேன். அவ வெக்கப்பட்டுக்கினு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கினா.

எழுபத்தஞ்சுல மெட்ராஸ்ல மாநிலப் போட்டி. வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளு. அதுல ஆடுறவங்களைப் பார்த்துதான் வடக்கே நடக்கப் போற அகில இந்தியப் போட்டிக்கு தமிழ்நாட்டு டீமுக்கு ஆள் எடுக்கப் போறாங்கன்னு சாரு சொன்னாரு. கிருஷ்ணவேணி பஸ்ஸுல என் பக்கத்துல குந்திக்கினு வந்தா. "அலமு, ரயில்ல ரெண்டு மூணு நாளு போவணுமாமே. அவரு போற ஊரெல்லாம் வருமா வழியில? வந்து வந்து கதை அளக்குறாரு, மலைக்குள்ள ரோடு போவுதாம், கோதுமைக் கழனி கண்ணுக்கு எட்டுற வரைக்கும் இருக்குதாம். நான் எதைக் கண்டேன், ஓரிக்கை, வுட்டா காஞ்சிபுரம். இந்த ஒரு தரம் எடுத்துட்டாங்கன்னா போதும் அலமு, அவரு கிட்ட நானும் கதை அளப்பேன்"ன்னா. ஒரு ஆசையை அவ வாய் தொறந்து சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

வெள்ளிக்கிழமை ஜெயிச்சோம். சனிக்கிழமை செமி ஃபைனலு, அவ ஆடின ஆட்டத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். ரெண்டு கோலு. செலக்‌ஷன் கமிட்டிக்காரரு ஒருத்தரு நாற்காலியை வுட்டு எழுந்து கோட்டாண்டையே வந்து நின்னு பார்த்தாரு. ஆனா கடைசியில பந்துக்கு முட்டிக்கினப்ப மெட்டி மேல சுத்தின நூலு அவிழ்ந்து, எதிர் டீம் பொண்ணுக்குக் கணுக்கால்ல கிழிச்சிட்டுது. நல்ல ரத்தம். கிருஷ்ணவேணி அந்தப் பொண்ணு காலைப் புடிச்சிக்கினு, "தெரியாம பட்டுட்டுதும்மா, தெரியாம பட்டுட்டுதும்மா"ன்னு அழுதா. சாயங்காலம் போட்டி நடத்துறவங்க கூடிப் பேசி, ஃபைனல்ல எல்லாரும் பூட்ஸ் போட்டுத்தான் ஆடணும்னு சொல்லிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். ரத்தத்தைப் பார்த்துட்டு வேற இன்னா சொல்லுவாங்க?

பூட்ஸ் அவங்களே எங்கேயோ பசங்க காலேஜ்ல இருந்து வாங்கிக் குடுத்தாங்க. எங்களுக்கெல்லாம் எப்படியோ பொருந்திட்டுது. கிருஷ்ணவேணிக்கு வலது காலுக்கு எப்படியோ நொழைஞ்சிட்டுது, எடது கால் மட்டும் நொழையல. மூணு சுத்து மெட்டி, மேல முடிச்சி மாதிரி ஒரு குமிழு, ஆட்டத்துல பட்ட அடியில அந்த வெரலு லேசா வீங்கவும் ஆரம்பிச்சிருந்துது. அழுத்தித் தள்ளினா வெரலு நசுங்குது, நிக்கவே முடியல. பெரிய சைஸ் ஒன்னு தேடி வாங்கியாந்தாரு சாரு. அதைப் போட்டுக்கினு பந்தை உதைச்சா, பந்து ஒரு பக்கம் போவுது, பூட்ஸ் ஒரு பக்கம் பறக்குது. நாங்க எல்லாரும் வுழுந்து வுழுந்து சிரிச்சோம், அவளும் சிரிச்சா. சிரிச்சி முடிச்சப்பதான் எல்லாருக்கும் ஒரே நேரத்துல புரிஞ்சிது.

"கழட்டிக் குடும்மா கிருஷ்ணவேணி"ன்னாரு சாரு. "ஒன்றரை மணி நேரந்தானே. பெருமாள் ஒன்னும் கோவிச்சுக்க மாட்டார்."

அவ தலையை ஆட்டினா. மாட்டேன்னு.

எனக்குக் கோவம் வந்தா நிதானம் இருக்காது. "ஏண்டி, நீ இன்னா புருஷனையா கழட்டிப் போடப் போற? நான் என் இடுப்புல சொருகிக்கினு ஆடுறேன், ஆட்டம் முடிஞ்ச நிமிஷமே நானே போட்டு வுடுறேன். உங்க அத்தைக்கு எவ சொல்லப் போறா?"ன்னு கத்தினேன். ஞாயித்துக்கெழம காத்தால கிரவுண்டுல வெச்சும் கத்தினேன். நான் கத்தினது தப்புன்னு இன்னைக்கும் சொல்ல மாட்டேன். அவளுக்காகத்தான் கத்தினேன், எனக்கா ரயில்ல போவணும்னு ஆசை?

அவ என் கையைப் புடிச்சிக்கினா. "சத்தியத்தை வுடு அலமு. அவரு இப்ப எங்க வண்டி ஓட்டிக்கினு இருக்கிறாரோ. மலை எறக்கமா கூட இருக்கும். என் மெட்டி உன் இடுப்புல இருக்கறப்ப, என் காலு ஓடும்னு நெனைக்கிறியா? நான் நடு கிரவுண்டுல நின்னுப்புடுவேன்"ன்னா. அழல. தண்ணி கேட்டா, குடுத்தேன். அப்பறம் கோட்டுக்கு வெளியில பெஞ்சி மேல ரெண்டு காலையும் ஒன்னு மேல ஒன்னு போட்டு மறைச்சிக்கினு குந்திட்டா.

அவ எடத்துல நாமகிரின்னு ஒரு சின்னப் பொண்ணை எறக்கினாரு சாரு. பாவம், அது இன்னா பண்ணும். பந்து லெஃப்ட் பக்கம் போவும், அங்க யாரும் இருக்க மாட்டாங்க. பழக்கத்துல நான் பந்தைத் தூக்கி அந்தப் பக்கமே அனுப்பிக்கினு இருந்தேன். ஒரு கோல் வித்தியாசத்துல தோத்தோம். ஆட்டம் முடிஞ்சதும் அந்தக் கமிட்டிக்காரரு சாரு கிட்ட வந்து, "நேத்து லெஃப்ட்ல ஆடின பொண்ணு எங்க, அதைப் பார்க்கத்தான் நான் இன்னைக்கு வந்தேன்"ன்னாரு. சாரு விஷயத்தைச் சொன்னாரு. "ஒரு மெட்டிக்காகவா? நாளைக்கு வடக்கே போய் இது மாதிரி நின்னா நாங்க இன்னா பண்றது?"ன்னு கேட்டுட்டு அவரு நடந்து பூட்டாரு. எங்க டீமுல இருந்து ரெண்டு பேரை எடுத்தாங்க. மங்கை ஒன்னு, நான் ஒன்னு. எனக்குப் பெஞ்சி பக்கம் திரும்பவே கூச்சமா இருந்துது. அவளே எழுந்து வந்து, "போய்ட்டு வந்து எல்லாத்தையும் எனக்கு சொல்லணும்"ன்னா.

பொழுது சாய்றதுக்கு முன்னாலயே பஸ்ஸு காஞ்சிபுரம் வந்துட்டுது. எறங்கற எடத்துல லாரி ஷெட் கிளார்க்கு சிட்டிபாபு நின்னுக்கினு இருந்தாரு. தெலுங்குக்காரரு, எப்பவும் சளசளன்னு பேசுறவரு. அன்னைக்கு கிருஷ்ணவேணி எதிர்ல வந்து கையைக் கட்டிக்கினு நின்னாரு. அவ பையைக் கீழ வெச்சா. "சொல்லுண்ணா"ன்னா. அவரு சொன்னாரு. பூனா தாண்டி மலை ரோட்டுல வண்டி கவுந்துட்டுது. ராமலிங்கம் அங்கேயே போய்ட்டாரு. ஆளு யாருன்னு போலீஸ் கண்டுபுடிக்கவே நாளாயிட்டுது, மத்தியானம்தான் ட்ரங்க் கால் வந்துது. ஒடம்பு தாங்காதுன்னு அங்கேயே எரிச்சிட்டாங்க.

"எப்ப?"ன்னு கேட்டா.

"வேசாயக்கெழம்மா. மத்தியானம்."

வியாழக்கிழமை. நாங்க மெட்ராஸ் பஸ் ஏறுறதுக்கு முந்தின நாளு. அவரு கிட்ட கதை அளக்கப் போறேன்னு பஸ்ஸுல சொன்னாளே, அப்ப அவரு இல்ல. சனிக்கிழமை ரெண்டு கோல் போட்டாளே, அப்பவும் இல்ல. காலை மறைச்சிக்கினு பெஞ்சியில குந்தியிருந்தது யாருக்காக?

நானும் சாரும் அவளை ஓரிக்கைக்கு இட்டுக்கினு போனோம். வூட்டு வாசல்ல சனம் நெறைஞ்சி இருந்துது. சிட்டிபாபு மொதல்ல அங்க போய் சொல்லிட்டுத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தாரு. பொன்னியம்மா தலைவிரி கோலமா எழுந்து வந்தாங்க. மருமவளைக் கட்டிப் புடிச்சி அழுவாங்கன்னு நான் நகர்ந்து வழி வுட்டேன். அவங்க கட்டிப் புடிக்கல. குனிஞ்சாங்க. கிருஷ்ணவேணி பொடவையைக் கணுக்காலுக்கு மேல தூக்கி, அவ காலைப் பார்த்தாங்க. மெட்டி இருந்துது, ரெண்டு கால்லயும். அப்பறம்தான் "எம்புள்ளயே"ன்னு அவ கால் மேலயே வுழுந்து அழுதாங்க. அத்தனை சனமும் பார்த்துக்கினு நின்னுது. கிருஷ்ணவேணி நின்ன எடத்துல நின்னா.

காரியத்தன்னைக்கு அந்த மெட்டியைக் கழட்டினாங்க. எண்ணெய் போட்டாங்க, சோப்பு போட்டாங்க, எடது கால்ல வரவே இல்ல, சனிக்கிழமை பட்ட அடியில வெரலு வீங்கி இருந்துது. ஆசாரியைக் கூப்ட்டு வெட்டித்தான் எடுத்தாங்க. உறவுக்காரி ஒருத்தி, "பந்து ஆடப் போனா, புருஷனை முழுங்கிட்டு வந்தா"ன்னு எல்லார் காதுலயும் வுழுற மாதிரி சொன்னா. எனக்கு முன்னால பொன்னியம்மா எழுந்துட்டாங்க. "அவ மெட்டியைக் கழட்டல. நான் பார்த்தேன். எவளாச்சும் பேசினீங்க, இங்கேயே நாக்கை அறுத்துடுவேன்"ன்னாங்க. அதுக்கப்பறம் அந்தப் பேச்சை ஓரிக்கையில யாரும் எடுக்கல.

நான் ரயில்ல போனேன். ஜன்னல் ஓரமா எடம் கெடைச்சிது. கோதுமைக் கழனி இருந்துது, மலை இருந்துது, மங்கை ஒவ்வொன்னையும் காட்டிக்கினே வந்தா. எனக்கு எதையும் பார்க்கப் புடிக்கல. அங்க ஒரு ஆட்டம் ஜெயிச்சி, அடுத்த ஆட்டம் தோத்து திரும்பினோம். ஊர்ல மாலை போட்டாங்க, சாரு போர்டுல புதுசா ஒரு வரி எழுதினாரு. கிருஷ்ணவேணி கிட்ட போய் நான் ஒரு வார்த்தை சொல்லல. அவ சொல்லச் சொல்லி கேட்டா, நான் "ஒன்னும் இல்லடி, எல்லா ஊரும் ஒரே மாதிரிதான்"ன்னேன். அவ நம்பலன்னு தெரியும்.

அடுத்த வருஷம் மறுபடியும் ஆள் எடுக்குறதா பேச்சு வந்துது. மங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாயிட்டுது, நூல் கொட்டாய் பொண்ணுங்க ஒன்னொன்னா நின்னுட்டாங்க, கிளப்பு கடைசி மூச்சு வுட்டுக்கினு இருந்துது. கிருஷ்ணவேணி வந்தா மறுபடியும் நிமிர்த்திடலாம்னு சாருக்கு ஒரு நெனைப்பு. எனக்கு வேற நெனைப்பு. ஒரு தரமாச்சும் அவ அந்த ரயில்ல குந்தணும், அவ்வளவுதான்.

நடவு நடந்துக்கினு இருந்துது. மாமியாரும் மருமவளும் அவங்க கழனியில தனியா நட்டுக்கினு இருந்தாங்க. சாரு வரப்புல நின்னு செருப்பைக் கழட்டி கையில வெச்சிக்கினு, "வந்துடும்மா. உன் ஆட்டத்தை மறக்காதவா இருக்கா. பூட்ஸெல்லாம் உன் அளவுக்கே வாங்கித் தரேன்"ன்னாரு. அந்த மனுஷன் நல்லதுதான் நெனைச்சாரு, ஆனா பூட்ஸைப் பத்தி பேசியிருக்க வேணாம்.

கிருஷ்ணவேணி நிமிர்ந்தா. "வேணாம் சார். பந்து ஆடுறவளுக்கு சனங்க காலைத்தான் பார்க்கும். இந்தக் காலை யாரும் பார்க்க வேணாம்"ன்னா. சேத்துக்குள்ள முழங்கால் வரைக்கும் இருந்துது அவ காலு.

பொன்னியம்மா கையில இருந்த நாத்தைப் போட்டுட்டாங்க. ஒரு வருஷத்துல பாதி ஆளா ஆயிருந்தாங்க, அந்தத் தொண்டையும் போயிருந்துது. "போடி"ன்னாங்க. "நான்தான் சொல்றேன், போ." அவ அசையல. பொன்னியம்மா எங்களைப் பார்த்தாங்க, அப்பறம் அவளைப் பார்த்தாங்க. "வேசாயக்கெழமையே போய்ட்டானேடி அவன். ஞாயித்துக்கெழம நீ ஆடியிருக்கலாம். கழட்டிப் போட்டுட்டு ஆடியிருக்கலாம். போனவன் போய்ட்டான், உன்னையும் நான் கட்டிப் போட்டுட்டேனேடி"ன்னு அழுதாங்க. புள்ள செத்த சேதி வந்தன்னைக்கு அழுத அழுகை வேற, இது வேற.

கிருஷ்ணவேணி அவங்களாண்ட போனா. கோவமே இல்ல அவ மொகத்துல. "நான் ஆடியிருந்தா நீ இன்னா அத்த சொல்லியிருப்ப?"ன்னா.

பொன்னியம்மா மூக்கை முந்தானையில தொடைச்சிக்கினாங்க. பொய் சொல்லத் தெரியாத பொம்பளை. "நீதான் கொன்னன்னு சொல்லியிருப்பேன். வேசாயக்கெழமைன்னு எவன் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன். என் கட்டை வேகுற வரைக்கும் சொல்லியிருப்பேன்"ன்னாங்க.

"நீ சொல்லலன்னாலும் நானே சொல்லிக்கினு இருந்திருப்பேன் அத்த"ன்னா கிருஷ்ணவேணி. "அவரும் போய்ட்டாரு, ஆட்டமும் போச்சி. ஆனா என்னால போவல அவரு. அதை நெனைச்சிக்கினுதான் தூங்குறேன். அதையும் எடுத்துடாத."

சாரு செருப்பைப் போட்டுக்கினாரு. கிருஷ்ணவேணி கீழ வுழுந்த நாத்தைப் பொறுக்கி மாமியாரு கையில குடுத்தா. நாங்க பஸ்ஸுக்கு நடந்தோம்.